பேரில் வந்தவள்

அமிர்தத்துக்கு இரண்டு கையெழுத்துகள் உண்டு. ஒன்று சொந்தப் பேருக்கு. எட்டாவது வரை படித்தவள் என்பதால் ரேஷன் கடையில் மை டப்பாவை நீட்டினால் அதைத் தள்ளிவிட்டு ரோஷமாகப் போடுவாள். மற்றபடி வருஷத்தில் நாலைந்து தடவைக்கு மேல் அதற்கு வேலை வராது. இன்னொன்று ‘சிந்தாமணி’ என்று போடுவது. கடைசி எழுத்தின் வாலைக் கீழே இழுத்து ஒரு கோட்டில் முடிப்பாள். அதைத் தினமும் போட்டாள். கை பழகிப்போய், மகனுடைய பள்ளிக்கூட ரிப்போர்ட்டிலும் ஒருமுறை அப்படியே போட்டுவிட்டாள். வாத்தியார் கேட்டால் சித்தி போட்டதென்று சொல்லிவிடு என்று அவனை அனுப்பிவைத்தாள்.

சிந்தாமணி அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் ராஜாங்கத்தின் மனைவி. விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகள் இருக்கும் பக்கம், ஒரு வீட்டைக் குறுக்கே தட்டி வைத்துப் பிரித்து இரண்டு குடும்பமும் இருந்தன. அடுப்பு இரண்டு, கிணறு ஒன்று, பட்டறையில் இடமும் ஒன்று.

பட்டறை இடம் என்பது ஆளுக்கு உரியதல்ல, வீட்டுக்கு உரியது. ஊறுகாய் ஜாடியும் பொம்மையும் செய்கிற சின்னப் பட்டறைகளில் அப்படித்தான் நடந்துவந்தது. வருகை நோட்டில் ஒரு பேர் இருக்கும். அந்தப் பேர்க்காரிக்குக் காய்ச்சல் என்றால் நாத்தனார் வருவாள், பிரசவம் என்றால் தங்கச்சி வருவாள். ஆள் வராமல் நின்றால் இடம் போய்விடும், பேருக்கு யாராவது வந்துவிட்டால் இடம் நிற்கும். இதற்குப் ‘பேர்ல வர்றது’ என்று சொல்வார்கள். மேஸ்திரி பாலகிருஷ்ணன் காலையில் புது முகத்தைப் பார்த்தால், “யாரு பேர்ல வந்திருக்க?” என்று கேட்பாரே தவிர, நீ யார் என்று கேட்டதில்லை.

அமிர்தம் கல்யாணமாகி வந்தபோது அந்த இடம் மாமியார் ராஜாம்பாள் பேரில் இருந்தது. எட்டு வருஷம் அந்தப் பேரில் போனாள். மாமியார் செத்த மாதம் அமிர்தம் இரண்டாவது பிரசவத்துக்காகத் திட்டக்குடியில் அம்மா வீட்டில் இருந்தாள். நோட்டில் புதுப் பேர் வேண்டும் என்று பாலகிருஷ்ணன் சொல்லியனுப்ப, அப்போதுதான் கட்டிக்கொண்டு வந்திருந்த சிந்தாமணியின் பேரை எழுதிவைத்தார்கள். பத்தாவது பாஸான பெண், எழுதினால் எடுப்பாக இருக்கும் என்று அமிர்தத்தின் புருஷன் அர்ச்சுனன்தான் சொன்னான். சிந்தாமணி மொத்தம் நாலு மாதம் போயிருப்பாள். களிமண் தூசு மூக்கில் ஏறினால் அவளுக்கு இழுப்பு வந்துவிடும். பச்சைக் குழந்தையோடு திரும்பி வந்த அமிர்தம் மறுபடியும் போகத் தொடங்கினாள், இந்தத் தடவை ஓரகத்தி பேரில்.

ஆக இருபது வருஷம் வேலை பார்த்தவள், தன் பேரில் ஒரு நாளும் பார்த்ததில்லை. அதைப் பற்றி அவள் யோசித்ததும் இல்லை. கூலி சரியாக வந்தது, ஜாடி சரியாக நின்றது. யோசிக்க என்ன இருக்கிறது.

அந்தத் திட்டம் வந்தது இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு அறக்கட்டளை நடத்திவந்த சின்னக் கல்லூரியில் பீங்கான் தொழில் படிப்பு இருந்தது. அதன் வாசலில் இந்த மரத்துக்கும் அந்த மரத்துக்கும் இழுத்துக் கட்டின பேனரில் போர்ச்சுகல் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று, சென்னைப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்று, கடைசியில் இந்தக் கல்லூரி என்று மூன்று பேர்கள் இருந்தன. ‘உயர்கல்வி நிறுவனங்களின் திறன் வளர்ப்புக்கான கூட்டுத் திட்டம்’ என்று கீழே எழுதியிருந்தது. வெளிநாட்டு நிதி, மூன்று வருஷம். விரிவுரையாளர்கள் அங்கே போய்ப் படிப்பார்கள், அங்கிருந்து பேராசிரியர்கள் இங்கே வருவார்கள். கூடவே உள்ளூர்த் தொழிலாளர்கள் இருபது பேருக்குச் சனிக்கிழமைதோறும் பயிற்சி கொடுத்து, மாணவர்களுக்கு அவர்களே செய்முறை சொல்லித்தரும்படி ஆக்குவதும் திட்டத்தில் ஒரு பகுதி. இருபது பேரும் பத்தாவது பாஸ் செய்திருக்க வேண்டும்.

“பரங்கிப்பேட்டைக்கு வந்த பரங்கிக்காரங்க வழி தப்பி நம்மூருக்கு வந்துட்டாங்க போலருக்கு,” என்றார் பாலகிருஷ்ணன், கல்லூரியிலிருந்து வந்த படிவத்தைப் பார்த்து. வருகை நோட்டில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். பத்தாவது பாஸ் என்று குறித்திருந்த ஒரே பேர் சிந்தாமணி. அதை எழுதிக் கொடுத்தார்.

இரண்டு சனிக்கிழமை சிந்தாமணியே போனாள். மூன்றாம் வாரம் அவள் மகளுக்கு அம்மை போட்டுவிட்டது. தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து, “அக்கா, என் பேர்ல நீ போயிட்டு வா. சும்மா உக்காந்து கேக்கறதுதான். டீயும் பிஸ்கட்டும் குடுக்கறாங்க,” என்றாள்.

“நான் எட்டாவதுடி. அவங்க எதனாச்சும் கேட்டா?”

“யாரு கேக்கப்போறா. எனக்கே ஒண்ணும் புரியல. ஏசி ரூமு, தூக்கம் வந்துச்சி.”

அமிர்தம் போனாள். பட்டறைக்குப் போவதுபோலத்தான் போனாள்.

போர்ச்சுகலிலிருந்து வந்த பேராசிரியையின் பேர் தெரேசா. கன்னியாஸ்திரியாக இருப்பாரோ என்று நினைத்துப் போனவளுக்கு ஜீன்ஸும் நரைத்த கிராப்புமாக நின்ற மனுஷியைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தவள் கல்லூரி விரிவுரையாளர் பானுமதி. முப்பதைத் தொடாத பெண், திட்டக்குடியை அடுத்த மங்களூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம், திட்டத்துக்காக ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள்.

மேஜைமேல் காது ஒட்டிய ஜாடிகள் நாலு. நாலிலும் காது விரிசல் விட்டிருந்தது. ஏன் என்று தெரேசா கேட்டார். மாணவர்கள் சுருக்க விகிதம் என்று ஏதோ சொன்னார்கள். பட்டறைப் பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அமிர்தம் எழுந்துபோய், இன்னும் காது ஒட்டாமல் வைத்திருந்த சுடாத பச்சை ஜாடி ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு ஒட்ட வைத்திருந்த காதை எடுத்து அதே கன்னத்தில் வைத்தாள்.

“ஒடம்பு காஞ்சிபோச்சி. காது இன்னும் சில்லுன்னு இருக்குது. ரெண்டும் ஒரே குளிர்ச்சியா இருக்கறப்ப ஒட்டுனாத்தான் புடிக்கும்,” என்றாள். “இப்ப ஒட்டுனா நாளைக்கிக் காலைல காது தனியா கெடக்கும்.”

பானுமதி மொழிபெயர்ப்பதற்கு முன்பே தெரேசா சிரித்துவிட்டார். இன்னொரு ஜாடியை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு என்னவோ சொன்னார்.

“அவங்க ஊர்ல சட்டி செய்யறவங்களும் இப்படித்தான் பார்ப்பாங்களாம்,” என்றாள் பானுமதி. “உங்க பேர் என்னக்கா?”

“சிந்தாமணி,” என்றாள் அமிர்தம், யோசிக்காமல். அன்றைக்கு அவள் வந்தது அந்தப் பேரில்தானே.

அம்மை இறங்கித் தண்ணீர் ஊற்றின பிறகும் சிந்தாமணி திரும்பிப் போகவில்லை. “நீயே போக்கா, எனக்குச் சனிக்கிழம துணி தொவைக்கற வேல இருக்குது,” என்றாள். அப்படியே இரண்டரை வருஷம் ஓடியது. முதல் வருஷம் அமிர்தம் கற்றுக்கொண்டாள். பிளாஸ்டர் அச்சு ஏன் தண்ணீர் குடிக்கிறது, சூளையில் எந்தச் சூட்டில் மண் கல்லாகிறது, கையில் வெகுகாலமாக இருந்த வேலைக்குக் காரணம் என்னென்ன என்று. இரண்டாம் வருஷத்திலிருந்து சொல்லித்தந்தாள். டிப்ளமா பையன்கள் வரிசையாக நின்று ஜாடியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்கள். கன்னமெல்லாம் வெள்ளையாக அவர்கள் கேன்டீனுக்குப் போவதைப் பார்த்து மற்ற வகுப்புக்காரர்கள் கேலி செய்தார்கள். ஜாடியில் வருகிற பதினெட்டு விதக் குறைகளை அவள் சொல்லச் சொல்லப் பானுமதி எழுதிக்கொண்டு, படம் போட்டுச் செய்முறை அறையில் மாட்டினாள். கீழே ‘தொகுத்துச் சொன்னவர்: சி. சிந்தாமணி’ என்று அச்சாகியிருந்தது. முதன்முதல் அதைப் பார்த்த அன்றைக்கு அமிர்தம் அந்தப் பேரை இரண்டு தடவை படித்துப் பார்த்தாள்.

இரண்டாயிரத்து ஐந்து டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, வகுப்பு முடிந்ததும் பானுமதி எல்லாரையும் உட்காரச் சொன்னாள். திட்டம் இன்னொரு கட்டத்துக்கு நீளக்கூடும், மாசியில் நிதி தரும் அலுவலகத்திலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வருவார், அவர் சரியென்றால் கல்லூரியிலேயே செய்முறைப் பயிற்றுநர் என்று ஒரு வேலை போடுவார்கள் என்றாள். சனிக்கிழமை மட்டுமில்லை, தினசரி வேலை, நாற்காலி போட்ட வேலை. அதற்குத் தெரேசா ஒரே ஒரு பேரைத்தான் எழுதியிருந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். அமிர்தமும் சேர்ந்து தட்டப்போய், தனக்குத்தான் தட்டுகிறார்கள் என்று உறைத்துக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“பத்தாவது மார்க் ஷீட்டு, ரேஷன் கார்டு ஜெராக்ஸ், ரெண்டு போட்டோ. அவ்ளோதாங்கா,” என்றாள் பானுமதி.

வீட்டுக்கு வந்து சொன்னபோது முதலில் எல்லாரும் சிரித்தார்கள். சிந்தாமணிதான் அதிகம் சிரித்தாள். “நான் எங்கக்கா போனேன், எனக்கு வேல குடுக்கறாங்க,” என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மங்கலம்பேட்டைக் கடை ஒன்றுக்கு மினி வேன் ஓட்டிவந்த ராஜாங்கம் மட்டும் சிரிக்கவில்லை. தினசரி வேலையா, எத்தனை வருஷத்துக்கு என்று இரண்டு தடவை கேட்டான்.

மூன்றாம் நாள் காலை, தட்டிக்கு அந்தப் பக்கம் டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. சிந்தாமணி பத்தாவது மார்க் ஷீட்டை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க,” என்றான் ராஜாங்கம். “மார்க் ஷீட்டு இவளோடது. பேரும் இவளோடது. வேல வந்தா இவளுக்குத்தான வரும்? தூசு வேலயும் இல்ல, சொல்லித்தர்ற வேல. இவளுக்கு இழுப்பும் வராது.”

“சொல்லித்தர்றதுக்கு என்னா தெரியும் இவளுக்கு?” என்றாள் அமிர்தம்.

“நீங்க இருக்கீங்கள்ல. கேட்டுக்குவா.”

அமிர்தம் புருஷனைப் பார்த்தாள். அர்ச்சுனன் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை தூக்கிவிட்டு வந்து, தோளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“ஒரே வூடுதான,” என்றான் அவன். “யாரு போனா என்னா.”

“அப்ப நானே போறேன். யாரு போனா என்னா.”

“உன்கிட்ட மார்க் ஷீட்டு இல்லியே,” என்றான் அர்ச்சுனன். கேலியாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னான். அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

சிந்தாமணி குனிந்துகொண்டே, “நீ வேணாம்னு சொன்னா நான் போகலக்கா,” என்றாள். ஆனால் மார்க் ஷீட்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்கவில்லை.

அமிர்தம் மறுநாள் பட்டறைக்குப் போகாமல் கல்லூரிக்குப் போனாள். பானுமதி தனியாக இருந்த நேரம் பார்த்து, நின்றபடியே சொன்னாள்.

“மேடம், நான் சிந்தாமணி இல்லீங்க. எம்பேரு அமிர்தம். அவ என் ஓரகத்தி. நான் அவ பேர்ல வந்தவ.”

பானுமதிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னாள், தானும் உட்கார்ந்தாள். “ரெண்டு வருஷத்துக்கு மேல சிந்தாமணிக்கா, சிந்தாமணிக்கான்னு கூப்ட்டிருக்கேன். ஒரு நாளாவது சொல்லக் கூடாதாக்கா?”

“பட்டறையில அப்படித்தாங்க. நாங்க யாரும் இத தப்புன்னு நெனைக்கல.”

“நாங்கன்னா?”

அமிர்தம் பயிற்சிப் பட்டியலைக் கேட்டு வாங்கினாள். விரலை வைத்துக்கொண்டே வந்தாள். இந்தப் பேருக்கு வருவது அவள் தங்கச்சி. இது மதினி பேர். இந்தப் பேர்க்காரி திருப்பூர் போய் ஒரு வருஷமாகிறது, வருவது மாமியார். பானுமதி பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தாள். இருபது பேரில் பதினோரு புள்ளி.

பானுமதி பென்சிலைக் கீழே வைத்தாள்.

“அக்கா, இந்தப் பட்டியல மூணு வருஷமா அவங்களுக்கு அனுப்பிச்சிருக்கோம். இவங்கதான் படிச்சாங்க, இவங்க திறமதான் வளந்துதுன்னு. உங்க ஒரு பேர மாத்தினா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு கேட்டா பதினோரு பேரையும் கெளறுவாங்க. அப்புறம் ரெண்டாவது கட்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல. சனிக்கிழம வர்ற பொம்பளைங்க எல்லாருக்கும் போயிடும்.” கொஞ்சம் நிறுத்தி, “எனக்கும் போயிடும்,” என்றாள். “அப்பாவோட பயிரெல்லாம் இந்த மழையில முழுகிடுச்சு. என் சம்பளத்துலதான் ஓடுது.”

“நான் பத்தாவதும் படிக்கலீங்க,” என்றாள் அமிர்தம். அதையும் சொல்லிவிடுவது நல்லது என்று பட்டது.

பானுமதி தலையில் கை வைத்துக்கொண்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாதவள் மாதிரி இருந்தது முகம்.

கடைசியில் முடிவானது இதுதான். தெரேசாவுக்கு அமிர்தத்தின் முகம் தெரியும். ஆகவே மதிப்பீட்டாளர் வருகிற அன்றைக்கு அமிர்தமே சிந்தாமணியாக வந்து வேலையைக் காட்ட வேண்டும். படிவத்தில் சிந்தாமணியின் போட்டோவும் மார்க் ஷீட்டும் போகும். அதை ஏதோ ஒரு ஆபீசில் ஃபைல் போடுவார்கள், முகத்தோடு யாரும் ஒப்பிடப்போவதில்லை. திட்டம் நீண்டு, ஜூனில் வேலை தொடங்கும்போது சிந்தாமணி வருவாள். தெரேசா அந்த வருஷத்தோடு ஓய்வு பெறுகிறார், திரும்ப வரமாட்டார். இதைப் பானுமதி சொன்னாள். கேட்டுக்கொண்ட அமிர்தம் சரியென்று சொல்லவில்லை. முடியாதென்றும் சொல்லவில்லை. எழுந்து, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்துவிட்டாள். பட்டியலில் இருந்த பதினோரு புள்ளிகளும் வழியெல்லாம் கூடவே வந்தன. ஒவ்வொரு புள்ளிக்கும் அவளுக்கு முகம் தெரியும்.

மாசி மகத்துக்கு முந்தின வாரம் மதிப்பீட்டாளர் வந்தார். கோயில் பக்கமெல்லாம் கடை போடத் தொடங்கியிருந்தார்கள். கார் நுழைய முடியாமல் சுற்றிக்கொண்டு வந்ததில் ஒரு மணி நேரம் தாமதம். உயரமான, மெலிந்த மனிதர். மடியில் வைக்கிற சின்னக் கம்ப்யூட்டரும் நாலு பக்கக் கேள்வித்தாளுமாக வந்தார். கூட தெரேசாவும் இருந்தார்.

அமிர்தம் அன்றைக்குச் செய்த வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அச்சைத் திறந்தாள், ஓரம் சீவினாள், அச்சு பொருந்தின கோடு தெரியாமல் ஈரப் பஞ்சால் துடைத்தாள், கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், காது ஒட்டினாள். மாணவர்கள் சுற்றி நின்று கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். கெடுத்துவிடலாம், வேண்டுமென்றே காதைக் கோணலாக ஒட்டிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று ஒரு நினைப்பு நடுவில் வந்தது. ஆனால் கை அதற்கு ஒத்துழைக்கவில்லை.

எல்லாம் முடிந்து, மதிப்பீட்டாளர் கேள்வித்தாளில் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். பானுமதி மொழிபெயர்த்தாள்.

“இந்தத் திட்டத்தால உங்க வாழ்க்கையில என்ன மாறியிருக்குன்னு கேக்கறாருக்கா.”

பயிற்சிக்கு வந்த எல்லாப் பெண்களிடமும் கேட்ட கேள்வி. தைரியம் வந்தது, நாலு பேரோடு பேசத் தெரிந்தது என்று அவர்கள் சொன்னதை அவர் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே வந்திருந்தார். அமிர்தம் கையிலிருந்த பஞ்சை வாளியில் போட்டாள்.

“எம்பேரு அமிர்தம்னு சொல்லுங்க,” என்றாள். “அவரு தாள்ல இருக்கறது என் ஓரகத்தி பேரு. கத்துக்கிட்டது நானு, சொல்லிக் குடுத்ததும் நானு. இருவது வருசமா அடுத்தவங்க பேர்லதான் வேல பாத்தேன், ஒண்ணும் தெரியல. இப்பத்தான் தெரியுது. இதான் மாறுச்சி.”

பக்கத்தில் நின்ற இரண்டு மாணவர்கள் தரையைப் பார்த்தார்கள். பானுமதி மதிப்பீட்டாளரைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசினாள். நிதானமாக, புன்னகையோடு, மூன்று வாக்கியம். அமிர்தத்துக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் எந்த ஊர் மொழியில் சொன்னாலும் அமிர்தம் அமிர்தம்தானே. அந்த மூன்று வாக்கியத்திலும் அது வரவில்லை. சிந்தாமணி வந்தது.

மதிப்பீட்டாளர் தலையை ஆட்டித் தட்டிக்கொண்டார். தெரேசா மட்டும் தட்டவில்லை, எழுதவில்லை. மூன்று வருஷத்தில் அவருக்குப் ‘போதும்’, ‘நல்லா இருக்குது’ என்று பத்துப் பதினைந்து தமிழ் வார்த்தைகள் தெரியும். பேர் எது, வார்த்தை எது என்றும் தெரியும். பானுமதியின் பக்கம் சாய்ந்து தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். அவள் அதைவிடத் தாழ்ந்த குரலில் பதில் சொன்னாள். தெரேசா கொஞ்ச நேரம் சுவரில் மாட்டியிருந்த பதினெட்டுக் குறைகளின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அமிர்தத்திடம் வந்து தோளில் கை வைத்தார். ஒரு அழுத்து அழுத்தினார். அவ்வளவுதான். திட்டம் நீள்வது அவருடைய பல்கலைக்கழகத்துக்கும் வேண்டியிருந்தது என்பதை அமிர்தம் பிற்பாடு யோசித்துத் தெரிந்துகொண்டாள்.

கார் போன பிறகு பானுமதி செய்முறை அறைக்குத் திரும்பி வந்தாள்.

“என்ன மன்னிச்சிருங்கக்கா.”

“என்னா சொன்னீங்க அவருகிட்ட?”

“முன்னெல்லாம் வேல மட்டும் தெரியும், இப்ப தான் யாருன்னு தெரியுதுன்னு.”

அமிர்தம் வாளித் தண்ணீரை வாசலில் கொட்டினாள். “பாதி சரியாத்தான் சொல்லியிருக்கீங்க,” என்றாள்.

ஏப்ரலில் கடிதம் வந்தது. இரண்டாம் கட்டம் சரியென்று ஆகிவிட்டது. ஜூன் முதல் வாரம் சிந்தாமணி புது வாயில் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, போகும்போது அமிர்தத்தின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். “போயிட்டு வரேன்க்கா.” அமிர்தம் ‘நல்லா இரு’ என்றாள். மனசார என்று சொல்ல முடியாது. மனசில்லாமல் என்றும் சொல்ல முடியாது. பிறகு வழக்கம்போல் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய், நோட்டில் சிந்தாமணி என்று கையெழுத்துப் போட்டாள்.

“உன் ஓரகத்தி ஒரே நேரத்துல காலேஜுலயும் இருக்கா, இங்கயும் இருக்கா,” என்றார் பாலகிருஷ்ணன். “சாமிக்குத்தான் அது முடியும்.”

சிரிக்கத்தான் சொன்னார். அமிர்தத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

சிந்தாமணி பத்து நாள் தாக்குப்பிடித்தாள். பையன்கள் அவளைக் கேள்வி கேட்டார்கள். அவள் கன்னத்தில் வைத்து, இப்போது ஒட்டலாம் என்று சொன்ன ஜாடிகள் மறுநாள் காலையில் வரிசையாகக் காது உதிர்ந்து கிடந்தன. முதல் வாரம் பொறுத்துப் பார்த்த பையன்கள் இரண்டாம் வாரம், “பழைய சிந்தாமணியக்கா எப்ப வருவாங்க?” என்று அவளிடமே கேட்டார்கள். அன்றைக்கு அவள் வந்து தட்டியோரம் உட்கார்ந்து அழுதாள். அழுகையோடு இழுப்பும் சேர்ந்துகொண்டது. அமிர்தம்தான் வெந்நீர் வைத்துக் கொடுத்து முதுகை நீவிவிட்டாள்.

இழுப்பு அடங்கினதும் சிந்தாமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, திங்களும் செவ்வாயும் நீ போ. மண்ணு வேல அந்த ரெண்டு நாள்தான். மத்த நாளு நான் பாத்துக்கறேன். எப்பவும் போல என் பேர்ல போயிட்டு வா.”

எப்பவும் போல. ஒரு வருஷத்துக்கு முன்னால் என்றால் அமிர்தம் அந்த நிமிஷமே சரியென்றிருப்பாள்.

“இல்லடி,” என்றாள். “உன் பேர்ல இனிமே நான் போவல.”

“கோவமாக்கா?”

“கோவம் இருக்குது. அதுக்காக இல்ல.”

“பின்ன எதுக்கு?”

அமிர்தம் எழுந்தாள். “சோறு ஆறுது, போயி புள்ளைக்கிப் போடு,” என்றாள்.

அர்ச்சுனன் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. குடும்பத்துக்கு வந்ததைக் கெடுக்கிறாள் என்று கிணற்றடியில் ராஜாங்கம் தன் பாட்டுக்குச் சொல்வதுபோல அவள் காதில் விழும்படி சொன்னான். மூன்றாம் நாள் பானுமதியே ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். வாசலில் போட்ட ஸ்டூலில் நுனியில் உட்கார்ந்துகொண்டு, வகுப்பு தொடங்கி இரண்டு வாரமாகியும் பையன்கள் ஒன்றும் பழகவில்லை, ஒரு மாதம் மட்டும் வந்தால் போதும் என்றாள்.

“நான் வர்றதுக்கு என்னாங்க. எம்பேர எழுதுங்க, நாளைக்கே வரேன்.”

“அது முடியாதுன்னு உங்களுக்குத் தெரியும்க்கா.”

“தெரியும். பதினோரு பேரு இருக்காங்க. அதனாலதான் அந்த ஆளு வந்துட்டுப் போனப்புறம் நான் யாருகிட்டயும் போயி எதுவும் சொல்லல. இனிமேயும் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க.” அமிர்தம் டீ டம்ளரை அவள் கையில் கொடுத்தாள். “ஆனா வரவும் மாட்டேன். சக்கர சரியா இருக்குதா பாருங்க.”

பானுமதி டீயைக் குடித்து முடித்தாள். கிளம்பும்போது, “போயிட்டு வரேங்க, அமிர்தக்கா,” என்றாள். அந்தப் பேரை அவள் சொல்வது அதுதான் முதல் தடவை. வெளியாள் யாரும் இல்லாத வாசலில் சொன்னாள் என்பதையும் அமிர்தம் கவனித்தாள்.

மறுநாள் காலை பட்டறையில் பாலகிருஷ்ணன் நோட்டைத் திருப்பி வைத்துப் பேனாவை நீட்டினார். அமிர்தம் கையெழுத்துப் போடவில்லை.

“இந்தப் பேர அடிச்சிடுங்கண்ணே. அவ காலேஜு வேலைக்கிப் போயிட்டா. எம்பேர எழுதுங்க.”

“என்னாம்மா பைத்தியக்காரத்தனமா இருக்குது. பேரு மாத்துனா சர்வீஸு போயிடும். தீவாளி போனசுலேருந்து எல்லாத்துக்கும் கடைசியில நிக்கணும். பேசாம இதுலயே போடு, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

“நீங்க கேக்க மாட்டீங்க, தெரியும்ண்ணே. எழுதுங்க.”

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அவளைப் பார்த்தார். இவள் வீட்டில் ஏதோ சண்டை, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்திருக்கலாம். பிறகு பக்கத்தின் அடிவரைக்கும் போய், கடைசிப் பேருக்குக் கீழே, புதிதாகப் போன வாரம் சேர்ந்த இரண்டு சின்னப் பெண்களுக்கும் கீழே, ஒரு கோடு இழுத்தார்.

“பேரு?” என்றார். இருபது வருஷமாகத் தெரிந்தவளிடம் கேட்கிறோமே என்று அவருக்கே கூச்சமாக இருந்தது.

“அமிர்தம்.”

“படிப்பு?”

“எட்டாவது.”

“வேல அனுபவம்னு ஒரு கட்டம் இருக்குது. என்னா போட?”

அமிர்தம் உள்ளே பார்த்தாள். நேற்று அச்சில் ஊற்றிய ஜாடிகள் பலகையில் வரிசையாக நின்றன. காது ஒட்டுகிற பதத்துக்கு வர இன்னும் அரை மணி நேரம் ஆகும். தள்ளி நின்று பார்க்கும்போதே அவளுக்குத் தெரிந்தது.

“புதுசுன்னே போடுங்கண்ணே,” என்றாள்.

அவர் எழுதி நோட்டை அவள் பக்கம் திருப்பினார். கை பழக்கத்தில் ‘சி’ என்று தொடங்கப் போனது. நிறுத்தி, பேனாவை எடுத்து, மறுபடி வைத்து, ஐந்து எழுத்தையும் ஒவ்வொன்றாகப் போட்டாள். கோணலாகத்தான் வந்தது.